புது மண்டபத்துல அப்பாவோட மெஷின்

இந்த எபிசோடை நான் மூணு தடவை ரெக்கார்ட் பண்ணிட்டு அழிச்சேன். முதல் தடவை ரொம்பப் பெருமையா இருந்தது, ரெண்டாவது தடவை ரொம்ப அழுமூஞ்சியா இருந்தது. இது நாலாவது. எப்படி வருதோ அப்படியே விடப் போறேன்.

விஷயம் இதுதான். எங்க ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையம் பக்கத்துல ஒரு பேரூராட்சி. தளவாய்புரம், செட்டியார்பட்டின்னு சொன்னா துணிக் கடைக்காரங்களுக்குத் தெரியும். நைட்டி. நீங்க ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு கடையில வாங்குற நைட்டியை எங்க தெருவுல ஒரு அக்கா தைச்சிருக்க வாய்ப்பு இருக்கு. வீட்டுக்கு வீடு மெஷின் சத்தம். அந்தச் சத்தத்துலதான் நான் பிளஸ் டூ படிச்சேன், இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குத் தயாரானேன். இப்போ ஐடி கம்பெனியில கோட் எழுதிட்டு, ராத்திரி உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன்.

போன பொங்கல் லீவுல ஊருக்குப் போயிருந்தப்போ, எங்க தெருப் பசங்க நாலஞ்சு பேர் வந்து, "அண்ணே, நீங்க பாட்காஸ்ட்ல மதுரை பத்திப் பேசுறீங்கள்ல, எங்களை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க"ன்னு கேட்டாங்க. இவங்க மதுரைக்குப் போகாதவங்க இல்ல. கல்யாணத்துக்குத் துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, மீனாட்சி கோயிலுக்குன்னு வருஷத்துக்கு நாலு தடவை போயிடுவாங்க. ஆனா போற இடத்துக்கு நேராப் போயிட்டு நேரா வந்துடுறது. ஊரைப் பார்த்தது கிடையாது. உண்மையைச் சொன்னா நானும் காலேஜ் முடிக்கிற வரைக்கும் அப்படித்தான்.

எனக்கு அந்தக் கண்ணைத் திறந்துவிட்டது பசுமை நடை. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-ல ஆரம்பிச்சது. யானைமலையைக் குடைஞ்சு சிற்ப நகரம் ஆக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு வந்து, மக்கள் எதிர்த்து நின்ன நேரம் அது. அந்த மலையில என்னதான் இருக்குன்னு போய்ப் பார்க்கலாமேன்னு தொடங்கின நடை. ஞாயித்துக்கிழமை காலையில குடும்பம் குடும்பமா மலைக்குப் போவாங்க. சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாத்தையும் தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் ஐயா நின்ன இடத்துலயே விளக்குவார். முடிச்சுட்டு மரத்தடியில உட்கார்ந்து இட்லி. எந்தப் பாடப் புத்தகமும் செய்யாததை அந்த ஒரு காலைப் பொழுது எனக்குச் செஞ்சது. அந்த மாதிரி ஒண்ணு எங்க ஊர்ப் பசங்களுக்கு. மலைக்குப் பதிலா நகரத்துக்குள்ள.

மொத்தம் பத்தொன்பது பேர். பாதிப் பேர் பிளஸ் ஒன், பிளஸ் டூ. மீதி காலேஜ். ஒரு தமிழ் டீச்சர், எங்க சித்தி, அப்புறம் கடைசி நிமிஷத்துல எங்க அப்பா. "நானும் வரேன்டா, சும்மாதான இருக்கேன்"னு சொன்னார். அவர் எப்பவும் சும்மா இருக்கிற ஆள் இல்ல. அன்னைக்கு எனக்கு அது உறைக்கல.

செங்கோட்டைப் பக்கத்துலேர்ந்து வர்ற காலை ரயில்ல ராஜபாளையத்துல ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர், திருப்பரங்குன்றம், மதுரை. ரயில்லயே ஆளுக்கு ஒரு பிரிண்ட் அவுட் கொடுத்துட்டேன். இது நான் பெருமையா நினைக்கிற ஐடியா, அதனால கொஞ்சம் விவரமாச் சொல்றேன்.

லினேயஸ் டிரைப்னு ஒருத்தர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்துல கேப்டன். 1856-ல மெட்ராஸ் மாகாணத்தோட அரசுப் புகைப்படக்காரரா நியமிச்சாங்க. 1858-ல மதுரைக்கு வந்து கோயில், மகால், தெப்பக்குளம், புது மண்டபம்னு படமா எடுத்துத் தள்ளியிருக்கார். மெழுகு தடவின காகிதத்துல நெகட்டிவ். அந்தப் படங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் மாதிரி இடங்களோட இணையதளத்துல சும்மாவே கிடைக்கும். பத்துப் படத்தை ஏ4-ல பிரிண்ட் போட்டு, "இந்தப் படம் எடுத்தவர் நின்ன அதே இடத்துல நீங்க போய் நிக்கணும், என்ன மாறியிருக்கு, என்ன மாறலன்னு எழுதணும்"னு சொன்னேன். செல்ஃபிக்கு நிக்கிற பசங்க, இதுக்கும் அதே ஆர்வத்தோட நின்னாங்க. கையில பழைய படம் இருந்தா ஊர் தானாப் பேசுது. நீங்க யாராவது இப்படி ஒரு குரூப்பைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, லெக்சரைக் குறைச்சுட்டு இதைப் பண்ணுங்க.

மதுரையைப் புரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஜங்ஷன்ல இறங்கி, கிழக்கே பார்த்துக் கோயிலை நோக்கி நடக்கணும். அவ்வளவுதான். ஒவ்வொரு வீதியையும் தாண்டும்போது நீங்க ஒரு காலத்தைத் தாண்டுறீங்க. ஸ்டேஷனே 1875-ல வந்தது. அதைத் தாண்டினா மேல வெளி வீதி. பேரைப் பாருங்க, 'வெளி'. எதுக்கு வெளியே? கோட்டைக்கு. மதுரைக்கு ஒரு கோட்டை இருந்தது, சுத்தி அகழி இருந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேல வெளி வீதியில ஒரு கொத்தளம் இன்னும் மிச்சம் இருக்கு. எங்க குரூப்புல எல்லாருமே அதைத் தாண்டிப் பல தடவை போனவங்க. ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை. "அது ஏதோ பழைய கவர்மென்ட் கட்டடம்னு நினைச்சேன் அண்ணே"ன்னு ஒருத்தன். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

அந்தக் கோட்டைக்கு என்ன ஆச்சு? யாரும் பீரங்கி வெச்சு இடிக்கல. கலெக்டர் பிளாக்பர்ன், 1834 முதல் 1847 வரைக்கும் இங்க கலெக்டர். ஊருக்குள்ள நெரிசல், அகழியில தண்ணி தேங்கிக் காய்ச்சல். சுவரை இடிக்கிறவங்களுக்கு, அகழியைத் தூர்க்கிறவங்களுக்கு அந்த நிலத்தையே கொடுக்கிறதா ஏற்பாடு. ஜனங்களே கடப்பாரை எடுத்துட்டு வந்துட்டாங்க. அந்த வேலையில இருந்த சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள். அவங்க பேர்லதான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. ஒரு கொத்து வேலை மேஸ்திரியோட பேர் நாயக்கர் தலைநகரத்துல நாலு திசைக்கும் வீதிப் பெயரா நிக்குது. இதைச் சொன்னப்போ அப்பா மட்டும் சிரிச்சார். "மேஸ்திரி பேரை வெச்சாங்களா? பரவால்லயே"ன்னார்.

பிளாக்பர்னுக்கு நன்றியா ஊர்க்காரங்க வெச்ச விளக்குத்தான் விளக்குத்தூண். ஜவுளி எடுக்கப் போறப்போ "விளக்குத்தூண்ல இறங்கு"ன்னு சொல்லுவோம்ல, அதே. டிரைப் அதையும் படம் எடுத்திருக்கார். அந்தப் படத்தை வெச்சுக்கிட்டு அந்த நெரிசல்ல நிக்க முடியல, ஆட்டோக்காரர் ஒருத்தர் செம திட்டு. பரவாயில்ல.

மாசி வீதிக்கு வந்தா நாயக்கர் காலத்து நகர அமைப்புக்குள்ள வந்துட்டோம். சங்க இலக்கியத்துலயே மதுரையைத் தாமரைப் பூவுக்கு ஒப்பிட்டிருக்காங்க, ஆனா இன்னைக்கு நாம நடக்கிற இந்தச் சதுரச் சதுரமான வீதிகள் பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டு அமைப்பு. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு உள்ளேயிருந்து வெளியே மாசப் பேர். ஒரு பையன் சரியான கேள்வி கேட்டான்: "சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதியிலதான ஓடுது? அப்புறம் ஏன் மாசி வீதின்னு பேரு?" இதுக்குச் சொல்லப்படுற காரணம், மாசியில நடந்துட்டு இருந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாத்தினார்ங்கிறது. பெரிய தேர் இழுக்க ஆள் வேணும், மாசியில அறுவடை வேலை. அழகர் திருவிழாவோட சேர்த்துட்டா கிராமத்து ஜனமும் வரும். திருவிழா மாறிடுச்சு, வீதிப் பேரை யாரும் மாத்தல. என் வேலையில இதை தினமும் பார்க்குறேன். ஃபங்ஷன் செய்யுற வேலை பத்து வருஷம் முன்னாடியே மாறியிருக்கும், பேர் மட்டும் பழசு. தொட்டா எதாவது உடையும்னு யாரும் தொட மாட்டாங்க.

மேல மாசி வீதியில 251-ஏ, 1921 செப்டம்பர் 22-ல காந்தி சட்டையை விட்ட வீடு, இப்போ கதர்க் கடை. ஒரு குரூப் போட்டோ, நகர்ந்தாச்சு. கோயில் வாசல்ல 1939 ஜூலை 8 பத்திச் சொன்னேன். வைத்தியநாத ஐயர் ஐந்து தலித்துகளையும் ஒரு நாடாரையும் கூட்டிக்கிட்டு உள்ளே போன நாள். அதுவரைக்கும் இந்த அழகான சதுர வீதிகள்ல யார் எது வரைக்கும் வரலாம்னு ஒரு கணக்கு இருந்தது. தாமரைன்னு சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லணும். இல்லைன்னா நாம டூரிஸ்ட் கைடு மாதிரி ஆயிடுவோம். எங்க குரூப்ல அன்னைக்கு நின்ன பத்தொன்பது பேர்ல முக்கால்வாசிப் பேரோட கொள்ளுத்தாத்தா அந்த வாசலைத் தாண்டியிருக்க முடியாது. யாரும் ஒண்ணும் பேசல. டீச்சர் மட்டும் தேதியை நோட்ல எழுதிக்கச் சொன்னாங்க.

இப்போ நான் சொல்ல வந்த இடம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ல, புது மண்டபம்.

திருமலை நாயக்கர் கட்டினது, வசந்த விழாவுக்காக. பேர்தான் புதுசு, வயசு கிட்டத்தட்ட நானூறு. நாலு வரிசையா 124 தூண், அதுல நாயக்க மன்னர்களோட சிலைகள். 1792-ல தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு ரெண்டு ஓவியர்கள் மதுரைக்கு வந்து வரைஞ்சதுல இந்த மண்டபமும் உண்டு. ஐரோப்பாவுல மதுரைன்னா ரொம்பக் காலத்துக்கு இந்த மண்டபம்தான். கூகுள்ல பழைய ஸ்பெல்லிங்ல 'திருமல் நாயக் சோல்ட்ரி'னு போட்டுப் பாருங்க, வரும்.

நான் கிளாஸ் எடுக்கிற தோரணையில ஆரம்பிச்சேன். ரெக்கார்டர் ஓடிட்டு இருந்ததால நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை என்கிட்ட இருக்கு. "இவ்வளவு அருமையான சிற்பங்களைப் பல வருஷமா கடைக்காரங்க ஆக்கிரமிச்சு வெச்சிருந்தாங்க. தூண்ல ஆணி அடிச்சு, கயிறு கட்டி, சிலை மேல துணியைத் தொங்கவிட்டு நாசம் பண்ணிட்டாங்க. 2018 பிப்ரவரியில கோயிலுக்குள்ள வீர வசந்தராயர் மண்டபத்துல தீ விபத்து நடந்ததுக்கு அப்புறம்தான் எல்லாரும் முழிச்சாங்க. இப்போ இங்க இருந்த கடைகளையும் காலி பண்ணிட்டாங்க. இனிமேதான் இந்த இடத்துக்கு விமோசனம்."

பசங்க கம்பி வேலிக்கு வெளியே நின்னு எட்டிப் பார்த்தாங்க. அன்னைக்கு உள்ளே விடல. பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணு, நடை முழுக்க ஒரு வார்த்தை பேசாத பொண்ணு, கேட்டா: "அந்தக் கடைக்காரங்கல்லாம் எங்க போனாங்க அண்ணே?"

எனக்கு ஒரு வரி பதில் தெரியும். குன்னத்தூர் சத்திரத்துல கட்டின புது வளாகத்துக்கு மாத்திட்டாங்க. அதைச் சொன்னேன். "எத்தனை வருஷம் இங்க இருந்தாங்க?" அது எனக்குத் தெரியல.

பின்னாடியிலிருந்து அப்பா சொன்னார். "நான் வந்தப்பவே அறுபது எழுபது வருஷமா இருக்கோம்னு சொன்ன ஆளுக இருந்தாங்கம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியாதான்னு கேட்டா, தெரியும். அப்பா சின்ன வயசுல மதுரையில தையல் கத்துக்கிட்டார்னு தெரியும். எங்கன்னு நான் கேட்டதே இல்லை. இன்னொண்ணும் சொல்லிடுறேன். காலேஜ்ல ஃபிரெண்ட்ஸ்கிட்ட "அப்பா டெக்ஸ்டைல் பிசினஸ்"னுதான் நாலு வருஷமும் சொன்னேன். டெய்லர்னு சொல்லல. அப்படிப்பட்ட நான் எதுக்கு எந்தக் கடைன்னு கேட்டிருப்பேன்?

"இந்தா, அங்கிட்டு மூணாவது தூண் தெரியுதா? குதிரை மேல ஆள் இருக்கிற மாதிரி இருக்குல்ல, அதுக்கு இங்கிட்டு. அங்கனதான் எங்க மாஸ்டர் கடை"ன்னு கம்பி வழியா கையை நீட்டிக் காட்டினார். 1982-ல, பதினஞ்சு வயசுல காஜா பையனா வந்திருக்கார். காஜான்னா பட்டன் ஓட்டை. கையால நூல் சுத்தித் தைக்கணும். ஒரு சட்டைக்கு இத்தனை பைசான்னு கணக்கு. ரெண்டு வருஷம் காஜா, எம்மிங், பட்டன். அப்புறம்தான் மெஷின்ல உட்கார விட்டிருக்காங்க.

பசங்க என்னை விட்டுட்டு அவரைச் சுத்திக்கிட்டாங்க. நான் ரெக்கார்டரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மண்டபம் வெயில் காலத்துல குளுகுளுன்னு இருக்குமாம். வசந்த மண்டபம்தான, அதுக்காகக் கட்டினது. மதியம் கரண்ட் போனாலும் கால் மெஷின், ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் டெய்லர்கள், ஒரு பக்கம் வளையல், பாத்திரம், ஒரு பக்கம் புத்தகக் கடை. பழைய பாடப் புத்தகம், ஜோசியப் புத்தகம், அல்லி அரசாணி மாலை மாதிரிப் பெரிய எழுத்துக் கதைகள். மதிய இடைவேளையில அவர் கதைப் புத்தகம் வாங்கிப் படிச்சு, மடிப்புக் கலையாமத் திருப்பிக் கொடுத்துடுவாராம். எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்ட அப்பா எப்படி அவ்வளவு தமிழ் படிக்கிறார்னு எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஆச்சரியம். விடை அந்த மண்டபத்துல இருந்திருக்கு.

சித்திரை வந்துட்டா தூக்கமே கிடையாதாம். அழகர் ஆத்துல இறங்குறதுக்கு வேண்டுதல் வெச்சவங்க போட்டுக்கிற உடை, சல்லடம், உருமால், ஜரிகை வெச்ச வெல்வெட்டு, எல்லாம் இங்கதான் தைக்கணும். "அழகர் இறங்குறதை நான் ஒரு வருஷம்கூடப் பார்த்ததில்ல. அவ்வளவு ஜனமும் நாங்க தைச்சதைப் போட்டுக்கிட்டு ஆத்துல நிக்கும், நாங்க இங்கன படுத்துத் தூங்கிருவோம்"னு சொல்லிச் சிரிச்சார். தமிழ் டீச்சர் அதை நோட்ல எழுதிக்கிட்டாங்க. அவங்க எழுதினதை நான் பார்த்தேன், 1939 தேதிக்குக் கீழேயே எழுதியிருந்தாங்க.

அந்தப் பொண்ணு விடல. "அப்போ நீங்கதான் ஆணி அடிச்சீங்களா?"

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அப்பா கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னார்: "நான் அடிக்கல. நான் வர்றதுக்கு முன்னாடியே அடிச்சிருந்தாங்க. ஆனா நானும் அதுல சட்டை மாட்டினேன். தப்புதாம்மா. எங்க மாஸ்டர் வெள்ளிக்கிழமை அந்தச் சிலைக்குப் பூ வைப்பார், மத்த நாள் அதே சிலை கையில டேப்பைத் தொங்கவிடுவார். ரெண்டும்தான்." அப்புறம் என்னைப் பார்க்காம, பொதுவாச் சொல்ற மாதிரி, "ஆக்கிரமிப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. கோயிலுக்கு வாடகை கட்டினோம், ரசீது இருக்கு."

ஒரு வார்த்தைதான். ஆனா நான் ரயில்ல வரும்போது தயார் பண்ணின குறிப்புல அந்த வார்த்தை மூணு இடத்துல இருந்தது. எங்கேர்ந்து எடுத்தேன்? நாலு செய்தி, ரெண்டு வீடியோ. அதுல எதுலயுமே ஒரு டெய்லர் பேசல. வாடகைக்கு இருந்தவங்களுக்கும் ஆக்கிரமிச்சவங்களுக்கும் வித்தியாசம் இருக்கு மக்களே. நம்ம பாட்காஸ்ட்லயே முன்னாடி ஒரு எபிசோட்ல இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கேன். அந்த எபிசோட் விளக்கத்துல திருத்தம் போட்டுட்டேன்.

சரி, அப்போ கடைகளை எடுத்தது தப்பா? இல்லைன்னுதான் நான் இன்னமும் நினைக்கிறேன். எண்ணெய்ப் புகை, மின்சார ஒயர், துணி மூட்டை இதெல்லாம் நானூறு வருஷக் கல்லுக்குப் பக்கத்துல இருக்கிறது ஆபத்து, 2018-ல பார்த்துட்டோம். அப்பாவே அதைத்தான் சொல்றார். ஆனா காலி பண்றதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் போய், எந்தத் தூண்ல யார் கடை, எத்தனை தலைமுறை, என்ன தைச்சாங்கன்னு ஒரு படம் வரைஞ்சு வெச்சிருக்கலாம். மன்னர் பேரைக் கல்வெட்டுல தேடுற நாம, மாஸ்டர் பேரை ரசீதுலயாவது தேடியிருக்கலாம்.

உலகத்துல ரெண்டு விதமாவும் செஞ்சிருக்காங்க. ரோம்ல மார்செல்லஸ் தியேட்டர்னு ரெண்டாயிரம் வருஷக் கட்டடம். அதோட வளைவுகளுக்குள்ள நூற்றாண்டுக்கணக்கா கடைகள், பட்டறைகள் இருந்தன. முசோலினி காலத்துல 1920-கள் கடைசியில தொடங்கி அத்தனையும் துடைச்சு எடுத்து, சுத்தமான ரோமானிய இடிபாடா ஆக்கினாங்க. பழைய படத்தையும் இப்போ இருக்கிறதையும் பார்த்தா வேற ஊர் மாதிரி இருக்கும். குரோஷியாவுல ஸ்ப்ளிட்னு ஒரு ஊர். ரோமப் பேரரசர் டயோக்லீஷியன் கட்டின அரண்மனை. அதுக்குள்ள ஏழாம் நூற்றாண்டுலேர்ந்து ஜனங்க குடியிருக்காங்க. இன்னைக்கும் வீடு இருக்கு, கடை இருக்கு, கொடியில துணி காயுது. 1979-லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க, அந்த ஜனங்களோட சேர்த்து. புது மண்டபத்துக்கு எது சரின்னு சொல்ற அளவுக்கு நான் ஆள் இல்லை. ரெண்டு வழி இருக்குன்னு பசங்களுக்குத் தெரியணும்.

அப்புறம் டிரைப் படம். புது மண்டபப் படம் அந்தப் பொண்ணுகிட்டதான் இருந்தது. தாளைக் கம்பி மேல வெச்சுப் பார்த்துட்டு, "1858-லயும் ஆள் இல்ல, இப்பவும் ஆள் இல்ல. நடுவுலதான் எல்லாரும் இருந்திருக்காங்க"ன்னா. ஒண்ணு சொல்லணும், அந்தக் காலத்துக் கேமராவுல ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் லென்ஸைத் திறந்து வைக்கணும். அசையாத கல் பதிவாகும், நடமாடுற ஆள் பதிவாக மாட்டார். அதனால படத்துல ஆள் இல்லைங்கிறதால மண்டபத்துல ஆள் இல்லைன்னு சொல்லிட முடியாது. இதைச் சொன்னேன். அவ பேனாவை எடுத்து, தான் எழுதினதுல 'ஆள் இல்ல'ங்கிறதை அடிச்சுட்டு 'ஆள் தெரியல'ன்னு மாத்திக்கிட்டா.

அதுக்கப்புறம் பார்த்ததைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். கிழக்கே பாதியில நின்னுபோன ராய கோபுரம். அடித்தளத்தைப் பார்த்தாலே கழுத்து வலிக்கும், முடிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்! சுத்திக் கடைகள். எழுகடல் தெரு, ஒரு காலத்துல குளம், இப்போ வணிக வளாகம். பத்துத் தூண் சந்து, திருமலை நாயக்கர் அரண்மனை எவ்வளவு தூரம் விரிஞ்சு இருந்ததுன்னு அந்தத் தூண்களைப் பார்த்தா புரியும், ஜவுளிக் கடைகளுக்கு நடுவுல நிக்குது. கடைசியா மகால். 1636-ல கட்டினது. திருமலையோட பேரன் சொக்கநாத நாயக்கரே தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்போ இங்கேர்ந்து பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டார். டிரைப் படம் எடுத்தப்போ மிச்சமும் சிதிலம். 1866-ல மெட்ராஸ் கவர்னரா வந்த நேப்பியர் பிரபு செப்பனிட வெச்சார், அப்புறம் நீதிமன்றம் நடந்தது, இப்போ தொல்லியல் துறை. "ராஜா வீட்டையே ராஜா பேரன்தான் இடிச்சிருக்கான், எங்களைச் சொல்றாங்க"ன்னு அப்பா சித்திகிட்ட முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

ரயிலுக்கு நேரம் இருந்ததால குன்னத்தூர் சத்திரம் போனோம். இது திட்டத்துல இல்ல. அப்பாவோட வேலை பார்த்த ஒருத்தர் அங்க இருக்கார். ரெண்டு பேரும் பார்த்துப் பல வருஷம் ஆச்சு. கட்டிப் பிடிக்கல, ஒண்ணும் பண்ணல. "என்னய்யா, தொப்பை வெச்சுட்ட"ன்னு ஆரம்பிச்சு, அப்பா நேரா மெஷின்கிட்ட போய் பாபினைக் கழட்டிப் பார்த்தார். புது இடம் எப்படின்னு கேட்டேன். "மழைக்கு ஒழுகல, ஃபேன் இருக்கு, லைட்டு இருக்கு. ஆனா தம்பி, கோயிலுக்குப் போற ஆளு கண்ணுல நாம படணும்ல"ன்னார். அந்தப் பத்தொன்பது பேரும் அந்தச் சின்னக் கடைக்குள்ள நிக்க முடியாம வராந்தாவுல வரிசையா நின்னு கேட்டாங்க. அன்னைக்கு முழு நடையில பசங்க ரொம்ப அமைதியா நின்ன இடம் அதுதான்.

ஊர் திரும்பும்போது ரயில்ல அப்பாகிட்ட கேட்டேன், ஏன் மதுரையை விட்டுட்டு வந்தீங்கன்னு. 1991-ல, எங்க ஊர்ப் பக்கம் நைட்டி வேலை வர ஆரம்பிச்ச நேரம், பீஸ் ரேட்டுக்குத் தைச்சாலும் வீட்டுச் சோறு சாப்பிடலாமேன்னு வந்ததா சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ எங்க வேலை பார்த்தேன்னு கேட்டதே இல்லையேடா"ன்னார். குத்திக் காட்டல, சும்மாதான் சொன்னார். நான் "ஆமாப்பா"ன்னேன். விருதுநகர்ல ரயில் ரொம்ப நேரம் நின்னது. பொரிச்ச பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

அந்த ரெக்கார்டிங் முழுசா நாற்பத்தியாறு நிமிஷம். அப்பாகிட்ட அனுமதி வாங்கிட்டேன். அடுத்த எபிசோட் அதுதான், நான் நடுவுல பேச மாட்டேன்.

இப்போ பசங்க எங்க ஊருக்கே ஒரு நடை வேணும்னு பிடிவாதமா இருக்காங்க. செட்டியார்பட்டியில என்னடா இருக்குன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ஏற்கெனவே நோட்ல தெருத் தெருவா மெஷின் எண்ண ஆரம்பிச்சுட்டா. முதல் கால் மெஷின் யார் வீட்டுக்கு வந்தது, முதல் கரண்ட் மெஷின் யார் வீட்டுக்கு வந்தது, முதல் நைட்டி ஆர்டர் எங்கேர்ந்து வந்ததுன்னு பாட்டிகளைப் பிடிச்சுக் கேட்டுட்டு இருக்கா. அது முடிய நாளாகும். அதுக்கு முன்னாடி அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்துல ஆரம்பிச்சு தேர் வீதிகள், திருமுக்குளம், அங்கேயும் ஒரு திருமலை நாயக்கர் மகால் இருக்கு, அது வரைக்கும் நடக்கிறோம். பேச நான் தயார் பண்ணல. பால்கோவா கிண்டுற பெரியவர் ஒருத்தரும், தேருக்குச் சறுக்குக்கட்டை போடுற ஒருத்தரும் வர்றதா சொல்லியிருக்காங்க. ராஜபாளையம் பக்கம் இருக்கிறவங்க மெசேஜ் பண்ணுங்க, இருபத்தஞ்சு பேருக்கு மேல முடியாது. தண்ணி பாட்டிலும் காலைச் சாப்பாடும் கையோட கொண்டு வந்துடுங்க.